இம்மியும் இசைவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த அவையில் இயந்திர வரைபடம் வரைந்து காலங்கழித்த ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பத்தாண்டுகளாக உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவன் நான். கேட்ட கடனைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒன்றையே பேச வேண்டும். ஆகவே அளவைப் பற்றிப் பேசுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அளவில் நாம் மன்னித்துவிடும் பிழையைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. நான் படிப்பை முடித்து ஒரு சிறு பட்டறையில் வரைபடக்காரனாகச் சேர்ந்த புதிது. ஒரு தண்டும், அது நுழைந்து சுழலும் புஷ்ஷும் வரையச் சொன்னார்கள். தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று எழுதினேன். புஷ்ஷின் துளையும் 25 மில்லிமீட்டர் என்று எழுதினேன். கோடுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. பட்டறையின் மூத்த ஃபிட்டர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்காமல் கேட்டார்: "தம்பி, ரெண்டும் இருபத்தஞ்சுன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்படிப் போகும்?"

எனக்கு விடை தெரியவில்லை. "நீங்க பாத்துக்குங்க அண்ணே" என்றேன். அவர் பார்த்துக்கொண்டார். தண்டை ஓர் இம்மி குறைத்துக் கடையச் சொல்வார், சிகரெட் பெட்டியின் உள்ளிருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து இடைவெளியில் விட்டு இழுத்துப் பார்ப்பார், விரலால் சுழற்றிப் பார்ப்பார், "ம்" என்பார். அந்த ஒற்றை எழுத்துத்தான் எங்கள் பட்டறையின் தரச்சான்று. ஆண்டுக்கணக்கில் அது ஓடியது. வரைபடத்தில் நான் எழுதாமல் விட்டதையெல்லாம் அவர் கை எழுதிக்கொண்டிருந்தது.

பின்னர் அவர் ஓய்வு பெற்றார். அதே வரைபடத்தை வெளியே ஓர் இளைஞரிடம் கொடுத்து நாற்பது ஜோடி செய்யச் சொன்னோம். அந்த இளைஞர் உண்மையானவர். 25 என்று எழுதியிருந்ததால் 25 என்றே கடைந்தார். பாதிக்கு மேல் உள்ளே நுழையவில்லை. நுழைந்தவற்றில் சில ஒரு மணி நேரத்தில் சூடேறி இறுகிக்கொண்டன. பழி அந்த இளைஞர் மேல் விழுந்தது. பிழையோ என்னுடையது. நான் எழுதியது அளவன்று, ஆசை. அன்று அதை எழுந்து சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இன்று இந்த அவையில் சொல்கிறேன்.

உலகில் எந்தக் கருவியாலும் சரியாக 25 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைக் கடைய முடியாது. கடைசல் உளி தேயும், இயந்திரம் அதிரும், இரும்பு வெப்பத்தில் நீளும். நீளங்களை 20 பாகை செல்சியசில் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது உலக வழக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பட்டறைக்குள் 35 பாகை இருந்தால், ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பி அந்த 15 பாகை வேறுபாட்டுக்கே ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஆகவே நேர்மையான வரைபடக்காரன் "25" என்று மட்டும் எழுதமாட்டான். "25, இதில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்" என்று எழுதுவான். அந்தக் கூடுதல் குறைவுக்கு இசைந்த எல்லையைத்தான் பட்டறையில் 'டாலரன்ஸ்' என்கிறோம். இந்த உரைக்குள் அதனைப் 'பொறுதி' என்று சொல்லிக்கொள்கிறேன். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இயந்திரவியலுக்கும் அந்த அறம் தேவைப்பட்டது. ஆனால் எவ்வளவு பொறுக்கலாம் என்பதை அது எண்ணால் எழுதிவைத்தது.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது என்ன? பன்னாட்டுத் தர முறையில் அது மிகச் சுருக்கமானது. துளைக்கு எச்-7, தண்டுக்கு ஜி-6. அவ்வளவுதான். 25 மில்லிமீட்டருக்கு இதன் பொருள்: துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், தண்டு 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். மிகப் பெரிய தண்டும் மிகச் சிறிய துளையும் சேர்ந்தாலும் 0.007 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. மிகச் சிறிய தண்டும் மிகப் பெரிய துளையும் சேர்ந்தாலும் 0.041-க்கு மேல் ஆட்டம் இல்லை. தலைமயிரின் தடிப்பு சற்றேறக்குறைய 0.07 மில்லிமீட்டர் என்று கொண்டால், இந்த மொத்த நாடகமும் ஒரு மயிரிழைக்குள் நடந்து முடிகிறது. அண்ணன் தாளை இழுத்துப் பார்த்து "ம்" என்று சொன்னது இந்த எண்களைத்தான். அவருக்கு எண் தெரியாது. எனக்கு அவர் கை தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பொறுதி தனியொரு பாகத்தின் குணமன்று. இரண்டு பாகங்கள் கூடும் இடத்தின் குணம். இதைக் கவிஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெண்பாவில் ஒரு சீர், ஈற்றுச்சீர் நீங்கலாக, எட்டு வாய்பாடுகளில் எதுவாகவும் இருக்கலாம்: ஈரசைச்சீர் நான்கு, காய்ச்சீர் நான்கு. இது சீருக்கு யாப்பு தரும் உரிமை. ஆனால் கூடுமிடத்தில் யாப்பு கண்டிப்பானது. மாச்சீரை அடுத்து நிரை வரவேண்டும். விளச்சீரை அடுத்து நேர் வரவேண்டும். காய்ச்சீரை அடுத்தும் நேர்தான். ஒவ்வொரு சீரும் தனியே நல்ல சீராக இருந்தும் தளை தட்டினால் வெண்பா உடைகிறது. என் நாற்பது ஜோடிகளில் நேர்ந்ததும் அதுதான்: சீர் சரி, தளை தட்டிவிட்டது. வெண்பாவை இறுக்கமான பொருத்தம் என்றால், பிற தளைகளுக்கும் இடங்கொடுக்கும் ஆசிரியப்பாவைத் தளர்ந்த பொருத்தம் எனலாம். இரண்டும் பாட்டுத்தான். எந்தப் பயனுக்கு எந்தப் பொருத்தம் என்பதே கேள்வி. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், தண்டுக்கும் துளைக்கும் ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

இந்தப் பொருத்தக் கணக்கின் தொடக்கக் கதைகளில் ஒன்று, நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கியின் விசைப்பூட்டில் ஒரு துண்டு உடைந்தால், இன்னொரு துப்பாக்கியின் துண்டை எடுத்துப் போட முடியாது. ஒவ்வொன்றும் ஒரு கைவினைஞர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தது. ஒனோரே பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர், அச்சுகளையும் அளவைக் கருவிகளையும் கொண்டு எல்லாத் துண்டுகளையும் ஒன்றுபோல் செய்ய முயன்றார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், 1785-இல் அவருடைய பட்டறைக்குச் சென்று, குவியலிலிருந்து கைக்கு வந்த துண்டுகளைத் தாமே எடுத்துப் பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. வியந்து தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். ஒருவரையொருவர் காணாத இருவர் செய்த இரண்டு துண்டுகள் மூன்றாமவர் கையில் சேர்ந்து பொருந்தும் என்ற நம்பிக்கை, இவை போன்ற முயற்சிகளால் வளர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1795-இல், பிரான்சு மீட்டரைச் சட்டமாக்கியது. இந்தியா 1956-இல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு வந்தது. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் இன்று கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளைகள் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இனிக் கணினிக்கு வருகிறேன். இன்று யாரும் தாளில் வரைவதில்லை. திரையில் தண்டை முப்பரிமாணத்தில் எழுப்புகிறார்கள், துளைக்குள் செருகுகிறார்கள், சுழற்றிக் காட்டுகிறார்கள். மெய்சிலிர்க்கிறது. ஆனால் திரையில் 25-க்குள் 25 முனகாமல் நுழைந்துவிடும். அங்கே உராய்வு இல்லை, வெயில் இல்லை, உளித் தேய்மானம் இல்லை. நான் இளமையில் செய்த அதே பிழையைக் கணினி ஆயிரம் மடங்கு அழகாகச் செய்து காட்டும்; "எப்படிப் போகும் தம்பி?" என்று கேட்கத் திரைக்குள் ஓர் அண்ணன் இல்லை. அந்தக் கேள்வியைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் கடந்த சில பத்தாண்டுகளாக நடந்துவரும் பெரும் பணி. உருவத்தோடு பொறுதியையும் மாதிரிக்குள்ளேயே எழுதிவைப்பதற்கு 2003-இல் அமெரிக்காவிலும் 2006-இல் பன்னாட்டளவிலும் தர விதிகள் வெளிவந்தன.

கணினி அதை எப்படிக் கணக்கிடுகிறது? ஓர் எளிய காட்டு. தலா 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஐந்து வட்டுகளை ஒரு பள்ளத்தில் அடுக்குகிறோம். ஒவ்வொன்றும் 0.1 கூடலாம், 0.1 குறையலாம். ஐந்தும் ஒருசேரத் தடித்துவிட்டால் 50.5 ஆகும். அதற்கு அஞ்சுகிறவர் பள்ளத்தை 50.5 என்று வெட்டுவார். அடுக்கு தளர்ந்து ஆடும். ஆனால் ஐந்தும் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஒன்று கூட, ஒன்று குறைய, ஈடுகட்டிக்கொள்ளும். வட்டுகளின் அளவு நடுவைச் சுற்றிச் சீராகச் சிதறியிருந்தால், மொத்தச் சிதறல் 0.5 அன்று, ஏறத்தாழ 0.22தான். பள்ளத்தை 50.3 என்று வெட்டினால் லட்சத்தில் மூன்று அடுக்குகள்தாம் நுழையாமல் போகும். சிக்கலான இயந்திரங்களில் இதைக் கையால் கணக்கிட இயலாது. எனவே கணினி, ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் எல்லைக்குள் ஏதோ ஓர் அளவைச் சோழி குலுக்கிப் போடுவதுபோல் எடுத்து, இயந்திரத்தைக் கற்பனையில் பூட்டிப் பார்க்கிறது. பல்லாயிரம் முறை பூட்டுகிறது. எத்தனை முறை பொருந்தியது, எங்கே தட்டியது என்று சொல்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனையைச் சொன்னேனே: "நடுவைச் சுற்றிச் சீராகச் சிதறியிருந்தால்." உளி தேய்ந்திருந்தால் ஐந்து வட்டுகளும் ஒரே பக்கந்தான் சாயும், கணக்கு கவிழும். உளி தேய்கிறதா என்பது கணினிக்குத் தெரியாது. இயந்திரத்தின் ஒலி மாறுவதைக் கேட்டு நிற்கும் கடைசல்காரருக்குத் தெரியும். அவர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரிடம் சொல் இருக்க வேண்டும். கேட்பவரும் அதே சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொதுமொழி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2006-ஆம் ஆண்டு உலகமே அறிந்த ஒரு சான்று உண்டு. ஏர்பஸ் நிறுவனம் ஏ-380 என்னும் மாபெரும் விமானத்தைச் செய்துகொண்டிருந்தது. ஒன்றில் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு பகுதி, பிரான்சின் துலூசில் இறுதிப் பூட்டு. இரு இடத்திலும் 'காட்டியா' என்ற ஒரே வரைகலை மென்பொருள். ஆனால் ஓரிடத்தில் பழைய பதிப்பு, மற்றோரிடத்தில் புதிய பதிப்பு. ஒன்று எழுதியதை மற்றொன்று முழுமையாகப் படிக்கவில்லை. கம்பிகளை விமானத்துக்குள் இழுத்தபோது நீளம் எட்டவில்லை. விமானங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. எவரும் கணக்கில் சோம்பியவர் அல்லர். இருவர் ஒரே பெயருடைய மொழியைப் பேசிக்கொண்டு, ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாக நம்பிவிட்டார்கள்.

சோழி என்று சற்றுமுன் சொன்னேன். அந்தச் சொல் என்னை நம் ஊருக்கே அழைத்துவருகிறது. 1825-இல் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூல் அச்சாயிற்று. எழுதியவர் ஜான் வாரன் என்னும் அதிகாரி. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணக்கர் கையில் நூல் இல்லை, எழுத்து இல்லை. கணக்குக்கு வேண்டிய எண் வாய்பாடுகளையெல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் மாற்றி நினைவில் வைத்திருந்தார். 1825 மே 31, ஜூன் 1 இரவுக்கு அவர் கணித்த கிரகணம், தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது.

52 நிமிடம் பிழைதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தக் கணக்கு முறை பல நூற்றாண்டுகள் பழையது. தந்தை மகனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் வாயால் சொல்லி, அந்தத் தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. எண்ணைச் சொல்லில் வைத்தவர்கள் காலத்தைத் தாண்டினார்கள். எங்கள் ஃபிட்டர் அண்ணன் தம் எண்ணைக் கையில் வைத்தார். நான் அதைச் சொல்லில் வாங்கி வைக்கவில்லை. ஒரு தலைமுறைகூடத் தாண்டவில்லை.

இது ஓர் அண்ணன் கதை மட்டுமன்று. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு மில் 2020-இல் மூடப்பட்டது. மில்லின் சங்கு கேட்டு எழுந்த ஊர் இது. இயந்திரம் பாடும் ராகத்தைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நம் ஊர் மில்களில் வாழ்ந்தார்கள். முதலாளி யார், சங்கம் எது, துப்பாக்கிச் சூடு எந்த நாள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய விரல்நுனிக் கணக்கை யார் எழுதினோம்? அவர்களில் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மாலையில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் மொழிக்கு நுண்ணளவு புதிதன்று. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் 1,02,400-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டரைக் கீழ்முந்திரியாகப் பகுத்தால் ஏறத்தாழ பத்து மைக்ரான் வரும். நான் சொன்ன தண்டுக்கு இசைந்த பொறுதி 13 மைக்ரான். ஆக, அந்த அளவுக்கு அருகில் நம் கணக்கு வாய்பாட்டில் ஒரு பெயர் காத்துக்கொண்டிருந்தது! கீழ்முந்திரியை மேலும் 21 ஆகப் பகுத்தால் இம்மி. "இம்மியும் பிசகாமல்" என்று மேடையில் சொல்கிறோம். பிசகாமல் இருக்க முடியாது நண்பர்களே. எத்தனை இம்மி பிசகலாம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பதுதான் நேர்மை.

ஆனால் பழைய பெயரைத் தூசுதட்டி ஒட்டுவதால் மட்டும் வேலை முடியாது. எச்-7 என்ற குறி எச்-7 ஆகவே இருக்கட்டும். அது உலகப் பொதுக்குறி. அதன் பொருளை ஒரு தொழிற்பயிற்சி மாணவனுக்கு விளக்கும் வாக்கியம் தமிழில் வேண்டும். தளர்ந்த பொருத்தத்துக்கும், தட்டி இறக்க வேண்டிய பொருத்தத்துக்கும், சூடேற்றிப் பூட்டும் பொருத்தத்துக்கும் பட்டறையில் வாய்வழிச் சொற்கள் உண்டு. ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை அவை மாறுகின்றன. அகராதிக் குழு கூடி உண்டாக்கிய சொற்கள் பட்டறைக்குப் போகவில்லை. பட்டறைச் சொற்கள் அகராதிக்கு வரவில்லை. இரண்டும் தனித்தனியே நல்ல சீர்தாம்; தளை தட்டுகிறது.

ஆகவே இந்த வட்டத்திடம் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் ஒரு மாதக் கூட்டத்தை ஃபிட்டர்களுக்கும் கடைசல்காரர்களுக்கும் ஒதுக்குங்கள். அவர்களை மேடையில் அமர்த்துங்கள். நாம் கீழே அமர்ந்து எழுதிக்கொள்வோம். சொல்லின் எடை அறிந்தவர்கள் நீங்கள். அவர்கள் "ம்" என்று சொல்வதற்குள் எத்தனை எண் இருக்கிறது என்று கேட்டு, அதற்கொரு சொல் கண்டுபிடித்துத் தாருங்கள். அந்தச் சொற்பட்டியலை அடுத்த மலரில் வெளியிடுவோம். எண்களைச் சரிபார்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

கடைசியாக ஒன்று. பத்தாண்டு ஒரு வட்டம் உடையாமல் சுழன்றிருக்கிறது. மரபுக்காரரும் புதுக்கவிதைக்காரரும், இடமும் வலமும், ஒரே அறையில் மாதந்தோறும் கூடியிருக்கிறோம். எல்லாரும் சரியாக 25 ஆக இருந்திருந்தால் ஒருவருக்குள் ஒருவர் நுழைந்திருக்க முடியாது. நமக்குள்ளும் யாரோ ஓர் இம்மி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.